எறியவும் பிடிக்கவும் தெரியாமல் வளரும் குழந்தைகள்: விளையாட்டிலிருந்து விலகல் எங்கே தொடங்குகிறது?

நிலமதி எழுதியது:

தொடக்க வகுப்புகளில் உடற்கல்வி கற்பிக்கும் ஆசிரியை என்ற முறையில் இந்த இழையைத் தொடங்குகிறேன். பத்துப் பதினொரு வயதில், விளையாட்டு நேரம் வந்ததும் மைதானத்தின் ஓரத்துக்கு ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகளைப் பார்த்து, "அவனுக்கு விளையாட்டில் நாட்டம் இல்லை", "அவள் அமைதியான பிள்ளை" என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளைத் தனியாக அழைத்து ஒரு பந்தை எறியவும், எதிரே வரும் பந்தைப் பிடிக்கவும், ஒற்றைக்காலில் நொண்டிச் செல்லவும் சொல்லிப் பார்த்தால், பெரும்பாலும் வேறு ஒன்று தெரியவருகிறது. நாட்டம் இல்லாததால் அவர்கள் ஒதுங்கவில்லை. கையும் காலும் சொன்னபடி கேட்காததால் ஒதுங்கி, காலப்போக்கில் நாட்டத்தையும் இழந்திருக்கிறார்கள்.

ஓடுதல், தாண்டுதல், நொண்டுதல், பக்கவாட்டில் நகர்தல் போன்ற இடம்பெயர் திறன்கள், எறிதல், பிடித்தல், உதைத்தல், மட்டையால் அடித்தல், பந்தைத் தட்டுதல் போன்ற பந்தாளும் திறன்கள், உடலை நிலைநிறுத்தும் சமநிலைத் திறன்கள் ஆகியவற்றைத்தான் அடிப்படை இயக்கத் திறன்கள் என்கிறோம். கூடைப்பந்து, கைப்பந்து, பூப்பந்து, கால்பந்து என்று எதை எடுத்தாலும் அதன் உள்ளே இவைதாம் கலந்து கிடக்கின்றன. இவற்றில் போதிய தேர்ச்சி பெறாத குழந்தை, விதிகளோடு கூடிய விளையாட்டுகளுக்குள் நுழையும்போது ஒரு தடையில் முட்டிக்கொள்கிறது என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் வெர்ன் சீஃபெல்ட் 1980இலேயே முன்வைத்தார். உலக நலவாழ்வு அமைப்பின் ஆய்வாளர்கள் 2016ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு கணக்கிட்டபோது, 11 முதல் 17 வயது வரையுள்ள பள்ளிப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினர் பரிந்துரைக்கப்படும் அளவுக்கு உடலை இயக்கவில்லை என்று தெரிந்தது. இதற்குத் திரைகளையும் தேர்வுகளையும் மட்டுமே காரணம் காட்டுவது எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. எந்த வயதில், எதை, யார் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

---

இளம்பரிதி எழுதியது:

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நீங்கள் சொல்வதில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஓட்டத்தையும் எறிதலையும் பாடமாக வைத்துக் கற்பிக்க வேண்டும் என்பது எனக்கு உடன்பாடாக இல்லை. எங்கள் தலைமுறையில் எவரும் எங்களுக்குப் பந்தெறியக் கற்றுக்கொடுக்கவில்லை. நாள் முழுவதும் வெளியே கிடந்தோம், பெரிய பிள்ளைகளைப் பார்த்தோம், அப்படியே வந்துவிட்டது. குழந்தைகளுக்கு நேரமும் இடமும் கொடுத்தால் போதும், உடல் தானே கற்றுக்கொள்ளும் என்பதே என் எண்ணம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. என் மகளுக்கு ஆறு வயதாகிறது. டென்னிஸில் சேர்க்கலாம் என்று இருக்கிறோம். ஒரே விளையாட்டில் சிறு வயதிலேயே ஊன்றிவிட்டால் இந்தத் திறன்கள் எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடாதா?

---

நிலமதி எழுதியது:

இளம்பரிதி ஐயா, நீங்கள் கேட்டது இந்த விவாதத்தின் மையமான கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தவழ்வதும் நடப்பதும் உடலின் வளர்ச்சியோடு ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் வந்து சேர்கின்றன. அதைப் பார்த்துப் பழகிய நாம், ஓட்டமும் எறிதலும் அப்படியே வந்துவிடும் என்று நம்புகிறோம். அவை ஒரு தொடக்க வடிவத்தில் வரும் என்பது உண்மைதான். ஆனால் முதிர்ந்த வடிவத்தை எட்டுவதற்கு வாய்ப்பும், பயிற்சியும், எங்கே எதை மாற்ற வேண்டும் என்று சொல்ல ஒருவரும் தேவை.

தோளுக்கு மேல் கையை உயர்த்தி எறிவதை எடுத்துக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தை இலக்கை நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கும். கால்கள் அசையாது, இடுப்பும் அசையாது. முழங்கையை மடக்கி முன்னே தள்ளிவிடும். பந்து அதன் காலடிக்குச் சற்றுத் தள்ளி விழும். அடுத்த கட்டத்தில் குழந்தை ஓர் அடி எடுத்து வைக்கும். ஆனால் எந்தக் கையால் எறிகிறதோ அந்தப் பக்கத்துக் காலையே முன்னே வைக்கும். வலக்கையும் வலக்காலும் ஒன்றாக முன்னே போவதால் இடுப்பு திரும்புவதற்கு இடமே இல்லாமல் போகிறது, விசை முழுவதும் கையிலிருந்துதான் வர வேண்டியிருக்கிறது. முதிர்ந்த வடிவத்தில் குழந்தை இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி, கையைக் கீழாகவும் பின்னாகவும் கொண்டுபோய், எதிர்ப்பக்கத்துக் காலை முன்னே வைத்து, முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியில் கை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சுழன்று, பந்து கையை விட்ட பிறகும் கை உடலின் குறுக்கே மறுபக்க இடுப்பை நோக்கி இறங்கி முடியும்.

இந்த இரண்டாம் கட்டத்திலேயே நின்றுவிட்ட பெரியவர்கள் ஏராளமானவர்கள். அவர்களும் வெளியில் விளையாடி வளர்ந்தவர்களாக இருக்கலாம். நீங்கள் நாள் முழுவதும் விளையாடிய கூட்டத்திலும், எறியத் தெரியாத ஒருவரை எல்லைக்கோட்டில் நிறுத்தியிருப்பீர்கள். பந்து அவரிடம் எப்போதாவதுதான் போயிருக்கும். பெரிய பிள்ளைகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்களின் நினைவில் அந்த விளையாட்டு இனிமையாக நிற்கிறது, கற்றுக்கொள்ளாதவர்கள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. ஆகவே நேரமும் இடமும் வேண்டும் என்பதில் நான் உங்களோடு நிற்கிறேன், அவை மட்டுமே போதும் என்பதில்தான் வேறுபடுகிறேன்.

எதிர்ப்பக்கக் கால் வர வேண்டும் என்று குழந்தையிடம் விளக்கிக்கொண்டிருக்கத் தேவையில்லை. தரையில் ஒரு காலடித் தடத்தை வரைந்து, அதன் மேல் கால் வைத்து எறியச் சொன்னால் போதும். இலக்கைத் தொலைவில் வைத்து, "சுவரில் சத்தம் கேட்கும்படி எறி" என்றால், இடுப்பு பல குழந்தைகளுக்குத் தானாகவே திரும்பத் தொடங்கும். குறி பார்த்து எறியச் சொன்னால் குழந்தை உடலை இறுக்கிக்கொண்டு சிறிய அசைவோடு எறியும் என்பதால், தொடக்கத்தில் நான் விசையைத்தான் கேட்பேன், குறியைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

---

மூட்டுநலம் எழுதியது:

நான் இயன்முறை மருத்துவர். இளம்பரிதி அவர்களின் இரண்டாவது கேள்விக்கு என் துறையிலிருந்து ஒரு பதில் சொல்கிறேன்.

ஒரே விளையாட்டில் ஆண்டு முழுவதும் பயிற்சி பெறும் குழந்தையின் உடல், அந்த விளையாட்டு கேட்கும் சில அசைவுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. வளரும் எலும்புகளின் முனைகளில் இருக்கும் வளர்ச்சித் தட்டு, சுற்றியுள்ள தசைநாண்களைவிட வலுவில் குறைந்தது. குதிகால், முழங்கால், எறியும் கையின் முழங்கை ஆகிய இடங்களில் வலியோடு வரும் பிள்ளைகளிடம் பெரும்பாலும் ஒரு விபத்தும் நடந்திருக்காது. ஒரே இழுவிசை ஓய்வில்லாமல் ஒரே இடத்தில் விழுந்திருக்கும், அவ்வளவுதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2016இல் வெளியிட்ட அறிக்கையில், ஒரே விளையாட்டில் ஊன்றுவதை ஏறக்குறைய 15, 16 வயது வரை தள்ளிவைக்கவும், வாரத்தில் ஓரிரு நாள்களும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதங்களும் அந்த விளையாட்டிலிருந்து விலகியிருக்கவும் பரிந்துரைத்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் போல இளம் வயதிலேயே உச்சத்தைக் கேட்கும் சில விளையாட்டுகள் இதற்கு விலக்கு. டென்னிஸ் அந்த வகையில் சேராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளி வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழ 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு இருக்கிறது. பொத்தான் போடுவது, எழுதுவது, கரண்டியைக் கையாள்வது என்று அன்றாட வேலைகளிலும் தடுமாற்றம் தெரிந்தால், "இன்னும் கொஞ்சம் விளையாட விடுங்கள்" என்ற அறிவுரையோடு நிறுத்திவிடாமல் மருத்துவ மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் குழந்தைகளும் கற்றுக்கொள்வார்கள். தேவையான செயலையே சிறு சிறு பகுதிகளாக நேரடியாகப் பயிற்றுவிக்கும் முறை அவர்களுக்கு நல்ல பலன் தருகிறது. அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசுவதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தீங்கு.

---

கயல்விழி எழுதியது:

இந்த இழையை வாசிக்கும்போது என் மகனைப் பற்றியே எழுதியிருப்பதாகத் தோன்றியது. அவனுக்கு ஒன்பது வயது. எழுதுவதிலும் அன்றாட வேலைகளிலும் எந்தச் சிக்கலும் இல்லை, மிதிவண்டி நன்றாக ஓட்டுகிறான். ஆனால் பந்து என்றால் விலகிப் போகிறான். பள்ளியில் பந்தால் அடித்து வெளியேற்றும் விளையாட்டுதான் அதிகம் நடக்கிறதாம். முதல் ஆளாக வெளியேறி, மீதி நேரம் முழுவதும் சுவரோரம் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் வருத்தப்படவில்லை என்பதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. அது இயல்பான ஏற்பாடு என்றே எண்ணிக்கொண்டிருக்கிறான். ஒன்பது வயதில் தொடங்கினால் தாமதமா? வீட்டில் நானே ஏதாவது செய்ய முடியுமா? எனக்கும் பந்தைப் பிடிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

---

நிலமதி எழுதியது:

கயல்விழி அம்மா, தாமதம் இல்லை. ஆனால் ஆறு வயதில் எளிதாக இருந்திருக்கும் ஒன்று, ஒன்பதில் சற்றுக் கூடுதலான பக்குவத்தைக் கேட்கும். அதன் காரணத்தை முதலில் சொல்கிறேன்.

ஐந்து, ஆறு வயதுக் குழந்தையிடம் "உனக்குப் பந்து பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டால், பத்தில் ஒன்றைக்கூடப் பிடிக்காத குழந்தையும் "நன்றாகத் தெரியும்" என்றுதான் சொல்லும். முயற்சி செய்வதையே திறமையாக எண்ணும் வயது அது. ஏழு எட்டு வயதுக்குப் பின்னர்ப் பிள்ளைகள் தங்களை மற்றவர்களோடு ஒப்பிட்டு, ஏறக்குறையச் சரியாகவே எடைபோடத் தொடங்குகிறார்கள். டேவிட் ஸ்டாடனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2008இல் முன்வைத்த கோட்பாட்டு மாதிரி இதைத்தான் விளக்குகிறது. திறன் உள்ள குழந்தை தன்னால் முடியும் என்று எண்ணுகிறது, அதனால் அதிகம் விளையாடுகிறது, அதனால் திறன் மேலும் வளர்கிறது. திறன் குறைந்த குழந்தைக்கு இதே சுழற்சி கீழ்நோக்கிச் சுற்றுகிறது. உங்கள் மகன் தன்னைப் பற்றிச் செய்துகொண்ட முடிவைச் சொற்களால் மாற்ற முடியாது. "உன்னால் முடியும்" என்று நீங்கள் சொன்னால், முடியாது என்பதற்கான சான்று அவன் கையிலேயே இருக்கிறது. பந்து கையில் தங்குவதை அவனே பார்க்க வேண்டும்.

அடித்து வெளியேற்றும் விளையாட்டைப் பற்றி என் கருத்து கடுமையானது. எந்தக் குழந்தைக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அந்தக் குழந்தையை முதலில் உட்கார வைக்கும் விளையாட்டுக்கு, கற்பிக்கும் நேரத்தில் இடம் இருக்கக் கூடாது.

இனி, பிடித்தல். அவன் பிடிக்க முயலும்போது முகத்தைக் கவனியுங்கள். பந்து நெருங்கும் நேரத்தில் தலை ஒரு பக்கம் திரும்பி, கண்கள் மூடிக்கொள்கின்றனவா? கைகள் இரண்டும் முன்னரே விறைப்பாக நீண்டு, பந்து வந்ததும் மார்போடு அணைத்துக்கொள்ளப் பார்க்கின்றனவா? அப்படியானால் அது அச்சத்தின் வடிவம். பந்து முகத்தில் படும் என்று உடல் எதிர்பார்க்கிறது. கண்ணைத் திறந்து வை என்று சொல்லிப் பயனில்லை, பந்தை மாற்ற வேண்டும். மெல்லிய துணியை மேலே எறிந்து, அது மிதந்து இறங்கும்போது விரல்களால் பற்றச் செய்யுங்கள். அடுத்து பலூன். அதற்கடுத்து, பட்டாலும் வலிக்காத, சற்றுப் பெரிய பஞ்சுப் பந்து. அதையும் நேராக எறியாமல் தரையில் ஒருமுறை குதிக்க வைத்து அனுப்புங்கள். குதித்து எழும் பந்து வேகம் குறைந்து, கண்ணுக்கு நேரம் கொடுக்கும். கைகள் பந்தை நோக்கி நீண்டு, தொட்டதும் முழங்கைகள் மடங்கி, உடலை நோக்கி இழுத்துக்கொள்ளும் அசைவு வந்துவிட்டால், பந்தைச் சிறிதாக்குங்கள், தொலைவைக் கூட்டுங்கள், பிறகு பக்கவாட்டில் அனுப்பி அவனை நகர வையுங்கள். ஒரே நேரத்தில் இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றுவது நல்லது.

அசைவு என்பது கற்பவரின் உடல், சூழல், செய்ய வேண்டிய செயல் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்குவது என்று கார்ல் நியூவெல் 1986இல் எழுதினார். குழந்தையின் உடலை நாளைக்கே மாற்ற நம்மால் இயலாது. பந்தையும் தொலைவையும் மாற்ற இந்த நிமிடமே இயலும். உங்களுக்குப் பிடிக்கத் தெரியாது என்பது இங்கே நல்லதுதான். இருவரும் சேர்ந்தே கற்றுக்கொள்ளலாம், அவன் முந்திக்கொண்டால் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும்.

---

வலைக்கோடு எழுதியது:

டென்னிஸ் பயிற்றுநராக, நிலமதி அவர்கள் சொன்னதற்கு என் விளையாட்டிலிருந்தே சான்று தருகிறேன். முழு வேகப் பந்தைச் சிறு குழந்தையிடம் அடித்தால், அது குதித்து அதன் தலைக்கு மேலே எழும். அந்தப் பந்தை எதிர்கொள்ளக் குழந்தை கற்றுக்கொள்ளும் அசைவு எதற்கும் உதவாது, பின்னால் அதை மறக்கடிப்பதே பெரும் வேலையாகிவிடும். அதனால்தான் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று மூன்று படிநிலைப் பந்துகள் வந்தன. வழக்கமான பந்தைவிடச் சிவப்பு ஏறத்தாழ 75, ஆரஞ்சு 50, பச்சை 25 விழுக்காடு வேகம் குறைந்தவை. 10 வயதுக்குட்பட்டோருக்கான போட்டிகளில் வழக்கமான மஞ்சள் பந்தைப் பயன்படுத்தக் கூடாது என்று உலக டென்னிஸ் கூட்டமைப்பு 2012 முதல் விதியாகவே ஆக்கியது. கூடைப்பந்தில் சிறுவர்களுக்கு 5ஆம் எண் பந்தும், 3.05 மீட்டருக்குப் பதிலாக 2.60 மீட்டர் உயர வளையமும் வைப்பது இதே காரணத்துக்காகத்தான்.

இளம்பரிதி அவர்களே, மகளைச் சேர்ப்பதில் தவறில்லை. வேறு எதையும் செய்ய விடாமல் டென்னிஸ் ஒன்றை மட்டும் ஆட வைப்பதைத்தான் நான் வேண்டாம் என்பேன். ஏறக்குறைய 6 முதல் 12 வயது வரை பல விளையாட்டுகளைச் சுவைத்துப் பார்க்கும் பருவமாக வைக்க வேண்டும் என்பது ழான் கோட்டே என்ற கனடிய ஆய்வாளரின் கருத்து. என் அனுபவமும் அதையே சொல்கிறது. நன்றாக எறியத் தெரிந்த பிள்ளைக்குச் சர்வீஸ் கற்றுக்கொடுப்பது எளிது, ஏனென்றால் பக்கவாட்டு நிலையும், இடுப்பின் திருப்பமும், கை உயர்ந்து வீசும் ஒழுங்கும் அதில் முன்னரே இருக்கின்றன. மட்டை மட்டும்தான் புதிது. எறியத் தெரியாமல் என்னிடம் வரும் பிள்ளைக்கு நான் முதலில் எறிதலைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்; "மட்டையே தொடவில்லையே" என்று பெற்றோர் முகம் சுளித்தாலும் அதை விடுவதில்லை.

பத்து வயதுப் போட்டிகளில் வெல்பவர்களைக் கண்டு மயங்க வேண்டாம் என்பதையும் பெற்றோருக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரே வயதுப் பிரிவில் ஆண்டின் தொடக்கத்தில் பிறந்தவருக்கும் இறுதியில் பிறந்தவருக்கும் பதினொரு மாத வேறுபாடு இருக்கலாம். அந்த வயதில் பதினொரு மாதம் என்பது உயரத்திலும் வலுவிலும் பெரிய இடைவெளி. அதைத் திறமை என்று எண்ணி ஒருவரைத் தேர்ந்தெடுத்து மற்றவரை வீட்டுக்கு அனுப்பிவிடும் பயிற்சி முகாம்களை நான் பார்த்திருக்கிறேன்.

---

இளம்பரிதி எழுதியது:

பதில்களுக்கு நன்றி. எறிதலின் கட்டங்களை வாசித்த பின்னர் மகளை எறியச் சொல்லிப் பார்த்தேன். வலக்கையும் வலக்காலும் ஒன்றாகத்தான் போகின்றன. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் காலடி வரைந்ததும் அவளுக்கு அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. பெண் குழந்தைகளுக்கு எறிதல் இயல்பாகவே கடினம் என்று என் உறவினர் ஒருவர் சொன்னார். அது உண்மையா? அடுத்து, ஒவ்வொரு திறனுக்கும் ஒரு வயது இருக்கிறது, அந்தச் சாளரம் மூடிவிட்டால் பிறகு கற்க முடியாது என்று எங்கோ வாசித்தேன். அதையும் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

---

அளவுகோல் எழுதியது:

இயக்கத் திறன் மதிப்பீட்டில் ஆய்வு செய்பவன் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் எழுத முயல்கிறேன்.

ஆண், பெண் குழந்தைகளின் இயக்கத் திறன்களை ஒப்பிட்ட பல ஆய்வுகளைத் தாமஸும் ஃபிரெஞ்சும் 1985இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். பூப்பெய்தும் வயதுக்கு முன்பு பெரும்பாலான செயல்களில் வேறுபாடு சிறியதாகவே இருந்தது, அதைச் சூழலைக் கொண்டு விளக்கிவிட முடியும் என்பது அவர்கள் முடிவு. எறிதல் மட்டும் விலகி நின்றது. அதில் இடைவெளி மூன்று நான்கு வயதிலேயே பெரிதாக இருந்ததால், உடல்சார்ந்த காரணத்துக்கும் பங்கு இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஆனால் சராசரி வேறுபாட்டைக் கொண்டு ஒரு குழந்தையைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது எந்த வகையிலும் சரியாகாது. பெண் குழந்தைகள் முறையான பயிற்சி பெற்றால் பந்தாளும் திறனில் முன்னேறுகிறார்கள் என்பதில் ஐயமில்லை. அவர்கள் கையில் பந்து குறைவாகவே போய்ச் சேருகிறது என்பதும் உண்மை. 2016ஆம் ஆண்டுக் கணக்கில் போதிய இயக்கம் இல்லாத பெண் பிள்ளைகள் 85 விழுக்காடு, ஆண் பிள்ளைகள் 78 விழுக்காடு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் லிசா பார்னெட்டும் அவருடைய குழுவினரும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளைப் பதின்பருவம் வரை பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சிறு வயதில் பந்தாளும் திறன் மேம்பட்டிருந்தவர்கள் பதின்பருவத்தில் கூடுதல் உடலியக்கத்தில் ஈடுபட்டார்கள். இடம்பெயர் திறனுக்கு அப்படியொரு தொடர்பு தெரியவில்லை. ஆகவே உங்கள் மகள் எறியவும் பிடிக்கவும் கற்றுக்கொள்வது, எந்த விளையாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் அவளுக்குத் துணை நிற்க வாய்ப்பிருக்கிறது.

சாளரம் மூடிக்கொள்ளும் என்ற கருத்து, நீண்டகால விளையாட்டு வீரர் வளர்ச்சி மாதிரி என்ற பெயரில் பயிற்றுநர்களிடையே பரவலாகப் புழங்குகிறது. பல விளையாட்டுகளுக்கும் அடித்தளம் இடுவதை அந்த மாதிரி வலியுறுத்தியது பாராட்டத்தக்கது. ஆனால் குறிப்பிட்ட வயது கடந்தால் கற்க முடியாது என்பதற்குப் போதிய சான்றுகள் இல்லை என்று 2011இல் வெளிவந்த திறனாய்வு ஒன்று தெளிவாக எடுத்துரைத்தது. சிறு வயது ஏன் நல்லது என்பதற்கு நிலமதி அவர்கள் சொன்ன காரணமே எனக்கு வலுவானதாகத் தெரிகிறது. குழந்தை தன்னை மற்றவர்களோடு ஒப்பிட்டு விலகுவதற்கு முன்பே கற்பிப்பது எளிது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். திறனுக்கும் பிற்கால விளையாட்டு ஈடுபாட்டுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது என்றாலும், அது மிதமான அளவினதே. பாதுகாப்பான இடம், நண்பர்கள், குடும்பத்தின் ஊக்கம் ஆகியவற்றின் பங்கு பெரிது. திறனை மட்டும் வளர்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது மிகையாகிவிடும்.

---

சதுரத்திடல் எழுதியது:

இங்கே எழுதப்பட்டவை அனைத்தும் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் இருக்கும் நிலைக்குப் பொருந்துகின்றன. எனக்கு நாற்பது பிள்ளைகள், சிறிய திடல், விரல்விட்டு எண்ணக்கூடிய பந்துகள். ஒவ்வொருவருடைய இடுப்பும் திரும்புகிறதா என்று நான் எப்படிப் பார்ப்பது? மதிப்பீடு என்ற பெயரில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்கும் மதிப்பெண் போடத் தொடங்கிவிடுவோமோ என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது. விளையாட்டு நேரம் ஒன்றுதான் அவர்கள் தேர்வு இல்லாமல் மூச்சு விடும் நேரம்.

---

நிலமதி எழுதியது:

உங்கள் அச்சம் நியாயமானது, அதனால் மதிப்பீட்டிலிருந்தே தொடங்குகிறேன். டேல் உல்ரிச் உருவாக்கிய பெருந்தசை இயக்க வளர்ச்சிச் சோதனையின் மூன்றாம் பதிப்பு, 3 முதல் 10 வயது வரையுள்ள குழந்தைகளிடம் 13 திறன்களைப் பார்க்கிறது. எவ்வளவு தூரம் எறிந்தது, எத்தனை நொடியில் ஓடியது என்று அது கேட்பதில்லை. எதிர்ப்பக்கக் கால் முன்னே வந்ததா, எறிந்த கை உடலின் குறுக்கே இறங்கியதா என்று இருக்கிறது அல்லது இல்லை என்பதையே குறிக்கிறது. அந்தச் சோதனையை நான் வகுப்பில் நடத்துவதில்லை, அதன் பார்வையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வாரத்துக்கு ஒரே ஒரு கூறு. இந்த வாரம் கால் என்றால் நாற்பது பேரின் கால்களை மட்டும் பார்க்கிறேன். அதை ஒரு சுற்று நடந்தபடியே பார்த்துவிட முடியும், பிள்ளைகளுக்குத் தாங்கள் மதிப்பிடப்படுவது தெரியவும் தெரியாது.

பந்துப் பற்றாக்குறைக்கு, கசக்கிச் சுற்றிய தாளும் சுருட்டிக் கட்டிய பழைய காலுறையும் எறிதலுக்குப் போதும். கையில் அடங்குவதாலும் பட்டால் வலிக்காததாலும் தொடக்கநிலைக்கு அவை தோல் பந்தைவிட மேலானவை என்றே சொல்வேன். திடலைச் சில பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் சுவரை நோக்கி எறிதல், ஒன்றில் இருவர் இருவராகப் பிடித்தல், ஒன்றில் கோட்டின் மேல் நொண்டுதல், ஒன்றில் உருண்டு வரும் பந்தை நிறுத்தி உதைத்தல் என்று வைத்து, குழுக்களைச் சுற்றி வரச் செய்யலாம். வரிசை என்ற ஒன்றை ஒழித்துவிட வேண்டும். நாற்பது பேர் வரிசையில் நின்று ஒரே பந்தை எறிந்தால், நாற்பது நிமிட வகுப்பில் ஒரு பிள்ளைக்கு நான்கைந்து முறைக்கு மேல் வாய்ப்புக் கிடைக்காது, அதையும் மற்றவர்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நான்கைந்து எறிதல்களில் எவரும் எதையும் கற்க முடியாது.

ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று அளவு வையுங்கள். அருகே ஒரு கோடு, தொலைவில் ஒரு கோடு, பெரிய இலக்கு, சிறிய இலக்கு. எந்தக் கோட்டிலிருந்து எறிவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். எல்லோரும் வெவ்வேறு இடங்களில் நிற்பதால் ஒப்பிடுவது குறைகிறது. தேறிய பிள்ளைக்கும் சலிப்பு வருவதில்லை.

---

கயல்விழி எழுதியது:

துணியிலிருந்து தொடங்கி, இப்போது குதித்து வரும் பஞ்சுப் பந்தை அவன் கைகளாலேயே பிடிக்கிறான். தலை இன்னும் சற்றுத் திரும்புகிறது, கண் மூடுவதில்லை. நான் தவறவிட்டால் முழங்கையை மடக்கச் சொல்லி அவனே காட்டுகிறான். பள்ளி விளையாட்டில் மறுபடியும் சேரும்படி இப்போதே சொல்லலாமா? அல்லது வெளியே ஏதாவது ஒரு பயிற்சியில் சேர்த்துவிடுவது நல்லதா?

---

நிலமதி எழுதியது:

பள்ளியின் பெரிய ஆட்டத்துக்குள் இப்போதே அனுப்ப வேண்டாம் அம்மா. இடையில் ஒரு படி வையுங்கள். அவனோடு ஒத்துப்போகும் இரண்டு மூன்று பிள்ளைகளை அழைத்து, சிறிய இடத்தில், வெளியேற்றம் இல்லாத ஆட்டம் ஒன்றை நடத்துங்கள். இருவர் பந்தைத் தமக்குள் எறிந்து காப்பாற்றிக்கொள்ள, நடுவில் இருப்பவர் அதைப் பறிக்க முயலும் ஆட்டம் மிகவும் ஏற்றது. எவரும் நீண்ட நேரம் சும்மா நிற்பதில்லை, எறிதலும் பிடித்தலும் நகர்தலும் ஒன்றாகவே நடக்கின்றன. அசையாமல் நின்று பிடிப்பதும், ஓடிக்கொண்டே யாருக்கு எறிவது என்று தீர்மானித்தபடி பிடிப்பதும் வெவ்வேறு வேலைகள். இரண்டாவதுக்கு அவன் பழகிய பின்னர்ப் பள்ளி ஆட்டத்துக்கு அவனே போவான். போகவில்லை என்றாலும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டாம்.

வகுப்பாசிரியரிடம் பேசி, வெளியேறியவர்கள் ஓரத்தில் சில முறை பந்தைப் பிடித்துவிட்டு மீண்டும் உள்ளே வரலாம் என்று விதியை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மிதிவண்டி ஓட்டும் பிள்ளைக்குச் சமநிலை நன்றாகவே இருக்கும். அதை அவனிடம் எடுத்துச் சொல்லுங்கள், அது அவன் ஏற்கெனவே வென்றிருக்கும் ஒன்று. நீச்சல் தெரியாவிட்டால் அதையும் கற்றுக்கொடுங்கள். நீரில் செய்யும் பல செயல்களுக்கு அது ஒன்றுதான் வாசல்.

---

வலைக்கோடு எழுதியது:

வெளிப் பயிற்சியில் சேர்ப்பதானால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். பணம் கட்டுவதற்கு முன் ஒரு முழு வகுப்பை ஓரமாக நின்று பாருங்கள். மிகவும் திறமையான பிள்ளையைப் பார்க்காமல், மிகவும் தடுமாறும் பிள்ளை ஒன்றைத் தேர்ந்தெடுத்து அந்த மணி நேரம் முழுவதும் அதையே கவனியுங்கள். பந்து அந்தப் பிள்ளையின் கைக்கோ காலுக்கோ எத்தனை முறை வருகிறது, பயிற்றுநர் அதன் பெயரைச் சொல்லி எத்தனை முறை பேசுகிறார், தடுமாறும்போது அதற்கு வேறு பந்தோ குறைந்த தொலைவோ கொடுக்கிறாரா, அல்லது வரிசையின் கடைசிக்கு அனுப்பிவிடுகிறாரா என்பவற்றைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வகுப்பைப் பார்க்க அனுமதிக்காத இடமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.